இறங்கி, மாறி, ஏறும் இடம்: நல்ல நிலையம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது பஸ் ஸ்டாண்ட் திறக்கும்போதும் மெட்ரோவில் புதுத் தடம் ஓடத் தொடங்கும்போதும் என்னிடம் ஒரே மாதிரிக் கேள்விகள் வரும். நான் பொறியாளர் இல்லை. பல வருடங்களாக பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் போய்வருகிறவன், போக்குவரத்து பற்றிக் கையில் கிடைப்பதைப் படிக்கிறவன், அவ்வளவுதான். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சென்னையிலிருந்து வரும். பாடம் இருக்கிற இடத்தில் வெளியூரும் வெளிநாடும் வரும்.

நல்ல நிலையத்துக்கு ஒரே ஒரு அளவுகோல் சொல்லச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

ஒரு வண்டியை விட்டு இறங்கிய நொடியிலிருந்து அடுத்த வண்டியில் காலை வைக்கும் நொடிவரை எவ்வளவு நேரம் ஆகிறது, அந்த நேரம் எப்படிக் கழிகிறது என்பதைத்தான். கூரையும் கண்ணாடியும் கிரானைட் தரையும் அதற்கு அப்புறம்.

நாம் மதுரைக்குப் போகிறோம், ஆபீஸுக்குப் போகிறோம், மாமியார் வீட்டுக்குப் போகிறோம். பஸ் ஸ்டாண்டுக்கென்று யாரும் போவதில்லை, அதைத் தாண்டிப் போகிறோம். அதனால் சீக்கிரம் தாண்ட விடுகிற நிலையம்தான் நல்ல நிலையம். போக்குவரத்துத் திட்டமிடுகிறவர்கள் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடத்தை ஒரு நிமிடமாகத்தான் கணக்கிடுவார்கள். நடக்கிற நிமிடத்தையும் காத்திருக்கிற நிமிடத்தையும் ஏறக்குறைய இரண்டாக வைப்பார்கள். பயணிக்கு அது அப்படித்தான் கனக்கிறது. சாதாரணமாக நடப்பவர் நிமிடத்துக்கு 80 மீட்டர் போவார். பஸ் ஸ்டாண்டையும் ரயில் நிலையத்தையும் 400 மீட்டர் தள்ளித் தள்ளிக் கட்டினால் ஐந்து நிமிட நடை, மனதுக்குப் பத்து நிமிடம். கையில் பெட்டி, இடுப்பில் குழந்தை, தலைக்கு மேல் மே மாத வெயில் என்றால் அந்தக் கணக்கும் உதவாது.

சென்னைக்கு வெளியே கிளாம்பாக்கத்தில் வெளியூர் பஸ் முனையத்தை அவ்வளவு பெரிதாகக் கட்டியும் ஏன் இத்தனை புலம்பல்?

உள்ளே நின்று பார்த்தால் தமிழ்நாட்டின் நல்ல பஸ் ஸ்டாண்டுகளில் அதுவும் ஒன்று என்றுதான் நான் சொல்வேன். 88 ஏக்கருக்கு மேல் பரப்பு. தொலைதூர பஸ்களுக்கும் மாநகர பஸ்களுக்கும் தனித்தனி இடம். உட்கார இடம் உண்டு, வெளிச்சம் உண்டு. பிரச்சினை வாசலுக்கு வெளியே.

2023 டிசம்பர் 30 அன்று முனையம் திறக்கப்பட்டது. அன்றைக்கு அதற்கென்று ரயில் நிலையம் கிடையாது. தாம்பரம் – செங்கல்பட்டு ரயில் பாதையோ ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலைக்கு அந்தப் பக்கம், கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஓடுகிறது. மின்சார ரயில்கள் கடந்து போயின, நிற்கவில்லை. முன்னே வண்டலூர், பின்னே ஊரப்பாக்கம், இரண்டில் ஒன்றில் இறங்கி ஆட்டோவோ பஸ்ஸோ பிடிக்க வேண்டியிருந்தது. மெட்ரோ விமான நிலையத்தோடு முடிந்துவிடுகிறது, அங்கிருந்து கிளாம்பாக்கம் சுமார் 15 கிலோமீட்டர்.

இப்போது திருவொற்றியூர்க்காரர் ஒருவர் திருச்சிக்குப் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோவில் ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வந்து, விமான நிலையத்தில் இறங்கி, சாலைக்கு வந்து, மாநகர பஸ் ஏறி, முனையத்துக்குள் நடந்து, அதன் பிறகுதான் திருச்சி பஸ். முனையம் எத்தனை அழகாக இருந்தாலும் அவருக்கு நினைவில் நிற்பது அந்த இரண்டு மாற்றங்கள்தான். கூடுவாஞ்சேரிக்காரருக்கோ அதே முனையம் வரப்பிரசாதம். அதனால்தான் ஒரே நிலையத்தைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள், இரண்டு பேர் சொல்வதும் சரி.

இதில் யாரும் நினைவில் வைக்காத ஒரு சங்கதி உண்டு. சென்னையின் முந்தைய பெரிய பஸ் ஸ்டாண்டான கோயம்பேடு 2002-ல் திறந்தபோதும் இதே புலம்பல்தான். பழைய பஸ் ஸ்டாண்ட் இருந்த பாரிமுனையை விட்டு இவ்வளவு தூரமா என்றார்கள். வாசலுக்கு மெட்ரோ வந்தது 2015-ல், பதின்மூன்று வருடம் கழித்து. இன்றைக்கு எல்லோரும் 'கோயம்பேடு மாதிரி வருமா' என்கிறார்கள். கோயம்பேடு எங்கும் நகரவில்லை, ஊர்தான் வளர்ந்து அதைச் சூழ்ந்துகொண்டது, தண்டவாளமும் வந்து சேர்ந்தது. கிளாம்பாக்கத்துக்கும் அது நடக்கும். ஆனால் தண்டவாளம் பக்கத்திலேயே இருந்தும் முதல் நாளில் ரயில் நிற்காமல் போனதற்கு என்னால் சமாதானம் சொல்ல முடியவில்லை.

அப்படியானால் பஸ் ஸ்டாண்டை ஊருக்கு வெளியே கொண்டுபோவதே தப்பா?

தப்பென்று ஒரேயடியாகச் சொல்ல மாட்டேன். ஊர் நடுவே நூற்றுக்கணக்கான பஸ்கள் நுழைந்து திரும்பினால் பஸ்ஸுக்குள் இருப்பவருக்கும் நரகம், தெருவில் இருப்பவருக்கும் நரகம். புறவழிச் சாலையோரம் நிலையம் இருந்தால் பஸ்ஸுக்கு அரை மணி நேரம்கூட மிச்சமாகும். கேள்வி என்னவென்றால், பஸ் மிச்சம்பிடித்த அந்த நேரத்தை யார் கொடுக்கிறார்கள்? இறங்கிய பயணி டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்து கொடுக்கிறார். ஆட்டோவுக்குக் காசாகவும் கொடுக்கிறார்.

திருச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய பேருந்து நிலையமும் ரயில்வே ஜங்ஷனும் நடக்கிற தூரம். ரயிலை விட்டு இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, தஞ்சாவூர் பஸ்ஸிலோ புதுக்கோட்டை பஸ்ஸிலோ ஏறிக்கொள்ளலாம். யாரும் 'ஒருங்கிணைந்த' என்ற பெயர் வைக்காமலே அது ஒருங்கிணைந்துதான் இருந்தது. 2025-ல் பஞ்சப்பூரில் புது முனையம் வந்தது. விசாலம், வசதி எல்லாம் உண்டு. ஆனால் ரயிலிலிருந்து பஸ்ஸுக்கு நடந்து மாறும் அந்தப் பழைய சுகம் தொலைதூர பஸ்களுக்குப் போயே போய்விட்டது.

மதுரை இன்னொரு வகை. பெரியார் நிலையம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், ஆனால் அது டவுன் பஸ்களுக்கு. சென்னை, இராமேஸ்வரம் பக்கம் என்றால் மாட்டுத்தாவணி. தேனி, திண்டுக்கல், கோவை என்றால் ஆரப்பாளையம். தேனியிலிருந்து இராமேஸ்வரத்துக்குக் கிளம்பிய குடும்பம் மதுரையில் மூட்டை முடிச்சோடு ஊரைக் குறுக்கே கடக்க வேண்டும். மதுரைக்காரர்களுக்கு இது பழகிவிட்டது. வெளியூர்க்காரர் 'மதுரை பஸ் ஸ்டாண்ட்' என்று டிக்கெட் கேட்டால் 'எந்த பஸ் ஸ்டாண்ட்?' என்று கண்டக்டர் திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்வி எழாத ஊர்தான் நன்றாகத் திட்டமிட்ட ஊர்.

வெளியே கொண்டுபோவதானால் இரண்டு நிபந்தனை. திறக்கும் நாளிலேயே ஊருக்குள் போக நிமிடக் கணக்கில் வண்டி இருக்க வேண்டும். வெளியூர் பஸ்கள் ஊருக்குள் வரும் வழியில் ஓரிரு இடங்களிலாவது ஆளை இறக்கிவிட அனுமதி இருக்க வேண்டும்.

சென்னையில் பறக்கும் ரயில் நிலையங்கள் ஏன் அப்படி வெறிச்சோடிக் கிடக்கின்றன?

பெரிய கட்டடம் நல்ல நிலையம் ஆகிவிடாது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். தூண்கள் மேல் ஓடும் அந்த ரயில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-ல் தொடங்கி, 2007-ல் வேளச்சேரி வரை வந்தது. பாதையின் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயின் மேலேயே போகிறது. நிலம் சுலபமாகக் கிடைத்தது, சரி. ஆனால் ஜனங்கள் நடமாடுவது கடைத்தெருவில், கால்வாய்க் கரையில் அல்லவே. பல நிலையங்களில் பஸ் நிறுத்தம் ஒரு பக்கம், நுழைவாயில் இன்னொரு பக்கம். மேலே கடைகள் வரும் என்று கட்டிய பிரம்மாண்டமான கூடங்களில் புறாக்கள் குடியிருந்தன. இருட்டிய பிறகு அந்தப் படிக்கட்டுகளில் தனியாக ஏற பெண்கள் தயங்கினார்கள். தயங்கினால் கூட்டம் குறையும். கூட்டம் குறைந்தால் பயம் இன்னும் கூடும்.

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு நீட்டிக்கும் வேலை 2008-ல் தொடங்கியது. ஐந்து கிலோமீட்டர்தான். கடைசி அரை கிலோமீட்டர் நில எடுப்பு வழக்கில் சிக்கிப் பல வருடம் தூண்கள் மொட்டையாக நின்றன. மின்சார ரயிலும் மெட்ரோவும் சந்திக்கிற பரங்கிமலையில் பறக்கும் ரயிலும் சேர்ந்தால்தான் முழுத் தடத்துக்கும் உயிர் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு சந்திப்பு விட்டுப்போனால் பத்து நிலையம் வாடும்.

ஒரு ரயிலிலிருந்து இன்னொரு ரயிலுக்கு மாற எந்த அமைப்பு சிறந்தது?

நடைமேடையின் இந்தப் பக்கம் இறங்கி, அந்தப் பக்கம் ஏறுவது. படிக்கட்டே கிடையாது, பத்தடி நடை. சிங்கப்பூரில் சிட்டி ஹால், ராஃபிள்ஸ் பிளேஸ் என்ற அடுத்தடுத்த இரு நிலையங்களில் இதைச் செய்திருக்கிறார்கள். வடக்கு–தெற்குத் தடமும் கிழக்கு–மேற்குத் தடமும் இரண்டு நிலையங்களிலும் சேர்ந்து போகும். ஒரு நிலையத்தில் ஒரு ஜோடித் திசைகள் எதிரெதிரே வரும், மற்றதில் வேறு ஜோடி. எந்தத் திசைக்கு மாற வேண்டுமானாலும் இரண்டில் சரியான நிலையத்தில் இறங்கினால் போதும், படியேற வேண்டாம். பூமிக்கடியில் தண்டவாளங்களை ஒன்றின் மேல் ஒன்றாகப் பின்னித்தான் இதைச் சாதித்தார்கள். செலவுதான், ஆனால் ஒருமுறைச் செலவு. பயணி மிச்சம்பிடிக்கும் நேரமோ தினமும். (அந்த ஊர் ரயில் நிலையங்களில் பெயர்ப்பலகையில் தமிழையும் பார்க்கும்போது வருகிற சின்ன சந்தோஷம் தனி.)

சென்னை மெட்ரோவில் ஆலந்தூர் அடுத்த வகை. இரண்டு தடங்களின் நடைமேடைகளும் மாடி மேல் மாடியாக இருக்கின்றன. எஸ்கலேட்டரில் ஒரு தளம் ஏறினால் மாறிவிடலாம். நல்ல அமைப்பு.

மோசமானது, ஒரு நிலையத்தை விட்டு முழுக்க வெளியே வந்து, சாலையைக் கடந்து, மறுபடி பை சோதனை, மறுபடி டிக்கெட் என்று போவது. நம் ஊரில் இதுதான் அதிகம்.

கட்டடம் சரியாக இருந்தும் அடுத்த வண்டிக்கு நாற்பது நிமிடம் என்றால்?

அப்படியென்றால் அது நிலையமே இல்லை, வெயிட்டிங் ஹால். இதில் சுவிட்சர்லாந்து செய்ததைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வேன்.

1982-ல் அங்கே ரயில்களை ஒரே ஒழுங்குக்குக் கொண்டுவந்தார்கள். 8.02-க்கு ஒரு ரயில் என்றால் 9.02, 10.02, 11.02 என்று நாள் முழுக்க அதே நிமிடத்தில். அட்டவணையைப் பார்க்கவே வேண்டாம், மனப்பாடம் ஆகிவிடும். அடுத்த கட்டமாக முக்கியச் சந்திப்புகளில் எல்லாத் திசை ரயில்களும் மணி அடிப்பதற்குச் சற்று முன்னே வந்து சேர வேண்டும், மணி அடித்துச் சற்றுப் பின்னே எல்லாம் கிளம்ப வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். நடுவில் உள்ள அந்தச் சில நிமிடங்களில் யாரும் எந்த ரயிலுக்கும் மாறலாம். இதற்கு ஒரு சிக்கல்: சூரிச்சுக்கும் பெர்னுக்கும் நடுவே ஓட்ட நேரம் ஒரு மணிக்கு மேல் இருந்தது. ஒரு மணிக்குச் சற்றுக் கீழே இறக்கினால்தான் இரண்டு ஊரிலும் மணிக்கு மணி சந்திப்பு அமையும். அதற்காகவே புதுப் பாதை போட்டு 2004-ல் திறந்தார்கள். முதலில் அட்டவணையை எழுதினார்கள், பிறகு அதற்கேற்பப் பாதையைக் கட்டினார்கள். ரயில் எவ்வளவு வேகமாகப் போக முடியும் என்று பார்க்கவில்லை, சந்திப்புக்கு எவ்வளவு வேகம் தேவை என்று பார்த்தார்கள்.

நம் ஊரில் இத்தனை துல்லியம் வேண்டாம். இரவு கடைசி மின்சார ரயில் வந்து ஐந்து நிமிடம் கழித்து கடைசி டவுன் பஸ் கிளம்பினால் போதும். ரயில் வருவதற்கு இரண்டு நிமிடம் முன்னால் கிளம்பிவிடுகிற பஸ்ஸை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பஸ் நிற்கும் இடம் எப்படி இருக்க வேண்டும்?

நம் பழைய பஸ் ஸ்டாண்டுகளில் பஸ் மூக்கை நடைமேடைக்குள் நுழைத்து நிற்கும். கிளம்பும்போது கண்டக்டர் பின்னால் நின்று விசில் ஊத, பின்னோக்கி வர வேண்டும். பின்னோக்கி வரும் பஸ்ஸுக்கும் குறுக்கே ஓடும் பயணிக்கும் நடுவே அந்த விசில் ஒன்றுதான் காவல். முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறும் அமைப்பு இடம் அதிகம் பிடிக்கும், ஆனால் உயிரை வாங்காது.

இரண்டாவது விஷயம், ஆள் ஏற்றும் இடமும் பஸ் ஓய்வெடுக்கும் இடமும் வேறு வேறாக இருக்க வேண்டும். டிரைவர் சாப்பிடப் போயிருக்கும் பஸ் முன்வரிசையை அடைத்துக்கொண்டு நின்றால், கிளம்ப வேண்டிய பஸ் நடுவில் நின்று ஆளை ஏற்றும். நடைமேடை ஓரிடம், பஸ் வேறிடம், ஜனம் நடுவே ஓட்டம்.

வழிகாட்டிப் பலகைகள் பற்றி?

சென்ட்ரலை நினைத்துப் பாருங்கள். கூப்பிடு தூரத்துக்குள் ஐந்து பெயர்கள். தொலைதூர ரயிலுக்கு சென்ட்ரல். அந்தப் பெயரும் 2019-ல் மாறி, ஜனங்கள் வாயில் மட்டும் பழையபடியே இருக்கிறது. அரக்கோணம், கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகும் மின்சார ரயிலுக்கு மூர் மார்க்கெட் வளாகம். தாம்பரம் பக்கம் என்றால் பார்க். பறக்கும் ரயிலுக்குப் பார்க் டவுன். பூமிக்கடியில் சென்ட்ரல் மெட்ரோ. ஊர்க்காரருக்கு இது தண்ணி பட்ட பாடு. ஒடிசாவிலிருந்து முதன்முறை வேலைக்கு வந்து இறங்கும் இளைஞருக்கு 'பார்க்' என்றால் பூங்கா. விமான நிலையத்துக்கு எதிரே உள்ள மின்சார ரயில் நிலையத்தின் பெயர் திரிசூலம் என்பது தெரியாமல் தாம்பரம் வரை போய் டாக்ஸியில் திரும்பி வந்தவர் எனக்குத் தெரிந்தவர்தான்.

பலகை எங்கே வேண்டும்? ஆள் எங்கே தயங்கி நிற்கிறாரோ அங்கே. படிக்கட்டு இரண்டாகப் பிரியும் இடம், வாசல், நடைமேடையின் நடு. மற்ற இடங்களில் அது வெறும் அலங்காரம். தடம் எண் பெரிதாக இருக்க வேண்டும். 29சி என்பதைத் தூரத்திலிருந்தே படித்துவிடலாம், 'பெரம்பூர் – பெசன்ட் நகர்' என்பதைப் படிக்கக் கிட்டே வர வேண்டும். ஒலிபெருக்கி அறிவிப்பைப் பொறுத்தவரை, 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' வரைதான் தெளிவாகக் கேட்கிறது. அதற்கு அடுத்துச் சொல்வதுதான் நமக்கு வேண்டியது.

மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் என்ன செய்ய வேண்டும்?

தரையில் மஞ்சள் நிறத்தில் மேடு தட்டிய ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஜப்பானில் செய்ச்சி மியாகே என்பவர் 1965-ல் உருவாக்கியது. 1967-ல் ஒகயாமா நகரில் முதலில் பதித்தார்கள். நீளக் கோடு என்றால் இப்படியே போகலாம். புள்ளிகள் என்றால் நில், கவனி. பார்வையற்றவர் காலாலும் கோலாலும் படிக்கிற எழுத்து அது. நம் ஊரில் அந்த எழுத்தைப் பிழையோடு எழுதுகிறோம். கோடு நேரே தூணில் போய் முட்டும், அல்லது அதன் மேல் யாராவது பைக் நிறுத்தியிருப்பார்கள்.

சாய்தளத்துக்கு 1:12 என்று கணக்கு. ஒரு மீட்டர் ஏற 12 மீட்டர் நீளம் வேண்டும். இடமில்லை என்று செங்குத்தாகப் போட்ட சாய்தளம் சக்கர நாற்காலிக்கு உதவாது, சரக்கு வண்டிக்குத்தான் உதவும்.

லிஃப்ட் விஷயத்தில் ஒரு சொந்தக் கதை. முழங்கால் வலியோடு அம்மாவை ஒரு நிலையத்துக்கு அழைத்துப் போனேன், பெயர் வேண்டாம். லிஃப்ட் பூட்டியிருந்தது. சாவி வைத்திருப்பவர் டீ குடிக்கப் போயிருந்தார். அவர் வருவதற்குள் அம்மா கைப்பிடியைப் பிடித்துப் பாதிப் படி ஏறிவிட்டாள். லிஃப்ட் இருக்கிறது என்று கோப்பில் எழுதியிருக்கும்.

இன்னொன்று: நடைமேடையின் உயரமும் வண்டியின் தரையும் ஒரே மட்டத்தில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். மெட்ரோவில் தானாகவே அது உண்டு. மாநகர பஸ்களில் தாழ்தளப் பேருந்துகள் 2024 முதல் திரும்ப வந்திருக்கின்றன. ஆனால் பஸ் நடைபாதையை ஒட்டி நிற்காமல் நடுச்சாலையில் நின்றால் தாழ்தளமும் உயர்தளம்தான்.

கழிப்பறை, தண்ணீர், உட்கார இடம்?

இரவுப் பயணத்தில் பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைக்குப் போக நேருமே என்று மாலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிற பெண்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். கேட்டுப் பாருங்கள். ஒரு நிலையத்தைப் பற்றி இதைவிடக் கடுமையான விமர்சனம் கிடையாது. ஆண்களுக்கு எத்தனையோ அதே எண்ணிக்கையில் பெண்களுக்கும் கட்டினால் சமம் என்று நினைக்கிறார்கள். பெண்களுக்கு நேரம் அதிகம் ஆகும், கூடக் குழந்தையும் இருக்கும். வரிசை எந்தப் பக்கம் நீள்கிறது என்று பார்த்தாலே கணக்கு புரியும். தமிழ்நாட்டில் 2015-ல் பஸ் ஸ்டாண்டுகளில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறந்தது நல்ல யோசனை. அது பூட்டாமல் இருக்கிறதா, மின்விசிறி ஓடுகிறதா என்பதுதான் அடுத்த கேள்வி.

உட்கார இடம்: படுத்துவிடக் கூடாது என்று நடுநடுவே கம்பி வைத்த இருக்கைகளை எனக்குப் பிடிக்காது. அதிகாலை மூன்று மணி பஸ்ஸுக்கு இரவு பதினோரு மணிக்கே வந்து காத்திருக்கும் கிராமத்துக்காரர் எங்கே தலை சாய்ப்பார்?

வெயிலும் மழையும்?

கூரை எவ்வளவு உயரமோ அவ்வளவு சாரல் உள்ளே வரும். படத்தில் அழகாக இருக்கும் உயரமான வளைவுக் கூரைகள் ஐப்பசி மழைக்கு முன் ஒன்றும் செய்ய முடியாது. நடைமேடைக்கு மேல் தாழ்வாக இன்னொரு கூரை வேண்டும். இரண்டு நிலையங்களுக்கு நடுவே உள்ள நடைக்கும் கூரை வேண்டும், அங்கேதான் எல்லோரும் நனைகிறார்கள். சுரங்கப்பாதை வாசலைச் சாலை மட்டத்தைவிட உயர்த்திக் கட்ட வேண்டும் என்பதைச் சென்னைக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்புறம், மரம். ஒரு வேப்பமரம் செய்வதை எந்தத் தகரக் கூரையும் செய்யாது.

கூட்ட நெரிசலை எப்படிச் சமாளிப்பது?

மும்பையில் எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தில் 2017 செப்டம்பர் 29 காலையில் நடந்ததை மறக்கக் கூடாது. மழைக்கு ஒதுங்கியவர்கள் குறுகலான நடைமேம்பாலப் படிக்கட்டில் நின்றுவிட்டார்கள். அடுத்தடுத்து ரயில்கள் வந்து ஆட்களை இறக்கின. மேலிருந்தும் கீழிருந்தும் நெருக்கி, இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தண்டவாளம் எதுவும் உடையவில்லை, ரயில் எதுவும் மோதவில்லை. படி குறுகலாக இருந்தது, கீழே மழைக்கு ஒதுங்க இடம் இல்லை. பிறகு ராணுவத்தை அழைத்து, சில மாதங்களில் புதுப் பாலம் கட்டினார்கள். அத்தனை சீக்கிரம் முடிகிற வேலைதான் அது.

ஒரு ரயில் இறக்கும் கூட்டம் அடுத்த ரயில் வருவதற்குள் நடைமேடையைக் காலி செய்துவிட முடிகிறதா? இந்த ஒரு கணக்கைப் போட்டுப் படிக்கட்டின் அகலத்தை முடிவு செய்ய வேண்டும். படியின் அடியிலும் எஸ்கலேட்டர் முடியும் இடத்திலும் கடை வைக்கக் கூடாது. கடைகள் வேண்டும், வருமானத்துக்கு மட்டும் இல்லை, கடை இருந்தால் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும். ஆனால் நடக்கிற வழிக்குப் பக்கவாட்டில்.

ஒரே டிக்கெட், ஒரே கார்டு வந்தால் எல்லாம் சரியாகிவிடுமா?

உதவும். சிங்காரச் சென்னை கார்டு 2023-ல் மெட்ரோவுக்கும் 2025-ல் மாநகர பஸ்ஸுக்கும் வந்தது. 2025-லேயே சென்னை ஒன் செயலியும் வந்தது. சில்லறைத் தகராறும் டிக்கெட் வரிசையும் குறையும். ஆனால் கார்டு நடையைக் குறைக்காது.

ஆட்டோ, பைக், சைக்கிள் எங்கே?

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நிலையத்துக்கு அடியில் 12,500 சைக்கிள் நிறுத்த இடம் உண்டு. நடைமேடைக்கு எவ்வளவு கிட்ட முடியுமோ அவ்வளவு கிட்ட. நம் ஊரில் அந்த இடத்தைக் காருக்குக் கொடுத்துவிட்டு, ஷேர் ஆட்டோவைப் போலீஸை விட்டு விரட்டுகிறோம். ஒரு காரில் ஒருவரோ இருவரோ வருகிறார்கள். ஷேர் ஆட்டோவில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். வாசலுக்கு மிக அருகே பஸ், அப்புறம் ஆட்டோ, ஷேர் ஆட்டோ, அப்புறம் சைக்கிள், பைக், கடைசியில் கார். நான் போடும் வரிசை இதுதான்.

இதெல்லாம் யாருக்கும் தெரியாத ரகசியமா? ஏன் நடப்பதில்லை?

எல்லோருக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்ட் பெரும்பாலும் நகராட்சி அல்லது மாநகராட்சியுடையது. பஸ் போக்குவரத்துக் கழகத்துடையது. ரயில் நிலையம் மத்திய அரசின் ரயில்வேயுடையது. நடுவில் உள்ள சாலை நெடுஞ்சாலைத் துறை. ஆட்டோ எங்கே நிற்கலாம் என்பது போலீஸ். ஒவ்வொருவரும் தன் எல்லைக்குள் நன்றாகத்தான் கட்டுகிறார்கள். எல்லைக்கும் எல்லைக்கும் நடுவே கிடக்கும் ஐம்பது மீட்டர் மட்டும் யாருடையதும் இல்லை. தெருவிளக்கு எரியாத, நடைபாதை உடைந்த, மழைநீர் தேங்கிய அந்த ஐம்பது மீட்டரில்தான் பயணி மாறுகிறார். இதையெல்லாம் ஒரே குடையின் கீழ் கொண்டுவர சென்னைப் பெருநகருக்கு ஒருங்கிணைந்த போக்குவரத்துக் குழுமம் அமைக்கும் சட்டம் 2010-லேயே வந்துவிட்டது. குழுமம் உருப்படியாக இயங்கத் தொடங்கவே பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

எங்கள் ஊர் நிலையம் நல்லதா என்று நானே சோதிக்க முடியுமா?

முடியும். செலவு ஒரு டிக்கெட்தான். சக்கரம் வைத்த பெட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், காலியாக இருந்தாலும் பரவாயில்லை. ரயிலை விட்டு இறங்கியதும் மணி பாருங்கள். யாரிடமும் வழி கேட்காமல், பலகையை மட்டும் பார்த்து பஸ் ஏறுமிடத்துக்குப் போங்கள். பெட்டியைத் தூக்க வேண்டி வந்த இடங்களை எண்ணுங்கள். வழி தெரியாமல் நின்ற இடங்களையும் எண்ணுங்கள். வழியில் கழிப்பறைக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பஸ்ஸில் ஏறியதும் மறுபடி மணி பாருங்கள்.

அதையே இன்னொரு நாள் இரவு பத்து மணிக்கு, வீட்டில் உள்ள பெண் ஒருவரோடு போய்ப் பாருங்கள். எந்த வழியாகப் போகலாம் என்று அவரையே முடிவு செய்யச் சொல்லுங்கள். அவர் குறுக்கு வழியை விட்டுச் சுற்றிப் போனால், ஏன் என்று கேட்டு அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மனு எழுதும்போது முதல் வரியில் அதைப் போடலாம்.